மூடி நிறையச் சிப்பிகள்

இந்த ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதுதான் எனக்கு வந்த வினை. பரிமாற ஒருத்தி, சாப்பிட மற்றவர்கள் என்று இருந்தால் எவ்வளவு நிம்மதி. பரிமாறுகிறவள் எப்போது சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா இல்லையா என்று உலகத்தில் யாருக்குத் தெரியும்? காங்கேயத்தில், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் உண்பதை என் வீட்டுக்காரர் பார்த்ததில்லை. அவருக்குப் போட்டு, தேங்காய்க் களத்து ஆட்களுக்குப் போட்டு, வந்த ஒறம்பரைச் சனத்துக்குப் போட்டு, கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தால் அது என் ராஜ்யம். அங்கே சட்டியோடு தின்றாலும் கேள்வி இல்லை, தின்னாவிட்டாலும் கேள்வி இல்லை. அந்தக் கதவுதான் இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றியது. ஆடி மாதத்தில் முதன்முதலாக ஒரு வாய்ச் சோறு நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் என்னை முழிக்க வைத்தபோது, பார்த்தது அந்தக் கதவு மட்டும்தான். இங்கே கதவு இல்லை. ஆளோடு ஆள் இடிக்கிற கூட்டம். நீள நீளமான மரமேசைகள், மேலே வெள்ளைக் காகித விரிப்பு, சுவரெல்லாம் பழைய தட்டுகளும் செம்புப் பாத்திரங்களும், பேச்சும் சிரிப்பும் கரண்டிச் சத்தமும் சேர்ந்து தேர்த்திருவிழாவில் நிற்கிற மாதிரி ஒரு இரைச்சல். என்னைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போக வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவரும் அவர் சம்சாரமும் எழுந்து வழிவிட வேண்டும். எதிரே என் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில் என் மகள் இந்துமதி, எட்டு மாத வயிறு மேசையில் இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் இரண்டு பேருக்கும் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இதற்கு ஏற்பாடு செய்தவளே அவள்தான். அவளுடைய பிரசவத்துக்காகப் போன மாதம் பெல்ஜியத்தில் இருக்கிற இந்த கெண்ட் ஊருக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து அவள் வீட்டிலும் நான் அதே வித்தையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்க உண்ணுங்க, தோசை சூடா வரட்டும், நான் அப்பறம் பாத்துக்கறேன். அவர்கள் எழுந்து போன பிறகு இட்லியை ரசத்தில் கரைத்து, துளித்துளியாக, ஒவ்வொரு துளிக்கும் குலதெய்வத்தைக் கூப்பிட்டு இறக்குவேன். மிச்சத்தைக் குப்பைப் பையில் கட்டிவிடுவேன். இந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள், ஆனால் பாதிதான் பார்த்திருக்கிறாள். அம்மா நின்றுகொண்டே இருக்கிறாள் என்று பார்த்தாள். அம்மா ஏன் உட்காரவில்லை என்று பார்க்கவில்லை. "உங்க மாப்பிள்ளை வேலையா வெளியூர் போயிருக்கறாரு, நாம மூணு பேருந்தான். அம்மா ஒரு நாளாவது உக்காந்து சூடா உண்ணட்டும்ப்பா. இந்த ஊர்லயே பழைய ஓட்டல், சனிக்கெழம மத்தியானம் எடம் கெடைக்கறதே கஷ்டம், நான் சொல்லி வெச்சுட்டேன்" என்று காலையில் அவள் சொன்னாள். பாசம்தான். பெற்ற மகள் பாசத்தினாலேயே என்னைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கப் போகிறாள். தலை வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தாள். அந்த மாத்திரையும் பாதி வழியில் நின்று கரைந்து வெகுநேரம் கசந்தது.

உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன். சிக்கிக்கொண்டால் ஓடிப் போய் வெளியே தள்ளிவிடலாமே. அங்கே போனால் வாசலிலேயே ஒரு அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்! தட்டு வைத்துக்கொண்டு, துணி பின்னிக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு. இந்த ஊர் வழக்கமாம், கழிவறையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவளாம். மகராசி, வேறு எங்காவது போய்ப் பின்னக் கூடாதா. உள்ளே நான் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டால் அவள் சும்மா இருப்பாளா, கதவைத் தட்டுவாள், யாராவது வருவார்கள், இந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அந்த வழியும் அடைபட்டது. திரும்பி வந்து பெஞ்சில் நுழைந்து உட்கார்ந்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். "குளுருதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். குளிருக்கு என்ன, பழியைப் போட்டால் சுமந்துகொள்கிறது. இளைத்துப் போனதற்கு நடைப்பயிற்சி, ரவிக்கை தொளதொள என்று ஆனதற்குப் புதுத் தையல்காரி, குரல் கம்மிப் போனதற்கு விமானப் பயணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வைத்திருக்கிறேன். ஆள் கிடைக்காமல் திண்டாடுவது இந்த ஒரு வாய்ச் சோற்றுக்குத்தான்.

பரிமாறுகிறவர் வந்தார். பனைமரம் மாதிரி உயரம், கணுக்கால் வரைக்கும் வெள்ளை முன்துணி, நரைத்த மீசை. பக்கத்து மேசையில் தட்டில் பாதி வைத்துவிட்டு எழப்போன ஒருத்தரை அவர் மடக்கி ஏதோ கேட்டதை வரும்போதே பார்த்தேன். என்ன கேட்டார் என்று இந்துவிடம் விசாரித்ததற்கு, ருசியா இல்லையான்னு கேக்கறாரும்மா, இங்க எல்லா ஓட்டல்லயும் கேப்பாங்க, மிச்சம் வெச்சா இவருக்கு ரோசம் வந்துரும் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் தப்பித்து, களத்தில் தப்பித்து, விமானத்தில் தப்பித்து, கடைசியில் இந்தப் பனைமரத்திடம் மாட்டுவேன் போலிருக்கிறது. "அம்மா, நீ கோழி வாங்கிக்கோ. இந்த ஊருக் கொழம்பு, பாலாடை, காய்கறியெல்லாம் போட்டு மெத்துனு இருக்கும். அப்பாவுக்கும் எனக்கும் அதான் சொல்லப் போறேன்" என்றாள். குழம்பு என்றாலும் குழிந்த தட்டு. அதில் கோழித்துண்டும் உருளைக்கிழங்கும் கிடக்கும். எவ்வளவு தின்றேன், எவ்வளவு தின்னவில்லை என்று தட்டே காட்டிக் கொடுத்துவிடும். என்ன செய்வேன், என்ன செய்வேன் என்று மனது செக்கு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்திலிருந்த கிழவரின் சாப்பாட்டைப் பார்த்தேன். கறுப்புச் சட்டி நிறையக் கறுப்புச் சிப்பி. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே இருக்கிற சதையைத் தின்றுவிட்டு, வெறும் ஓடுகளைச் சட்டியின் மூடியில் போடுகிறார். மூடியைக் கவிழ்த்து அதையே குப்பைத்தட்டு ஆக்கியிருக்கிறார். சட்டியில் குறையக் குறைய மூடியில் ஏறுகிறது. மொத்தத்தில் அதே குவியல்தான், இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போகிறது. தின்றாலும் அதே அளவு மிச்சம் இருக்கிற சாப்பாடு! கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவர் எனக்காகத்தான் இதைப் படைத்திருக்க வேண்டும். "எனக்கு அந்தச் சிப்பி சொல்லு சாமி" என்று இந்துவிடம் சொன்னேன்.

"ஏம்புள்ள, நண்டே தொட மாட்ட. சிப்பி திங்கப் போறியாக்கும்?" என்று என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "ஊருக்குப் போனா சொல்லிக்கலாமில்லீங், பெல்ஜியத்துல சிப்பி தின்னேன்னு" என்றேன். இந்து கை தட்டினாள். அம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அவள் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வலித்தது, அது அந்த வலியா இந்த வலியா என்று எனக்கே தெரியவில்லை.

சட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் வெங்காயமும் ஏதோ தழையும் கடல் வாசனையும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. நல்ல வாசனை. அதுதான் கொடுமை. எனக்குப் பசிக்கிறது. பசியே இல்லை என்றால்கூட இவ்வளவு வேதனை இல்லை. ஆடியிலிருந்து நான் பசியோடு இருக்கிறேன். மூன்று வேளையும் மற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டே பசித்திருக்கிறேன். ராத்திரி படுத்தால் கனவில்கூடப் பருப்புஞ்சோறும் நெய்யும் வருகிறது, கனவில் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பக்கத்துக் கிழவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்து, ஒரு வெறும் சிப்பியை இடுக்கி மாதிரி இரண்டு விரலில் பிடித்து, அதனாலேயே அடுத்த சிப்பியின் சதையைப் பிடுங்கி வாயில் போட்டுக் காட்டினார். இப்படித்தான் தின்ன வேண்டுமாம். நான் தலையாட்டினேன். முதல் சிப்பியை எடுத்து அதேபோல் பிடுங்கி வாயில் போட்டேன், ஒன்றாவது நிஜமாகத் தின்னலாமே என்கிற சபலம். மெத்தென்று இருந்தது, உப்பும் தித்திப்பும். மென்றேன். மாவாக ஆகிற வரைக்கும் மென்றேன். முழுங்கினேன். தொண்டை தாண்டியது, நெஞ்சுக்குள் இறங்கியது, இதோ போகிறது போகிறது என்று நினைக்கும்போதே நின்றது. அதே இடம். ரவிக்கையின் மூன்றாவது கொக்கிக்கு நேர் பின்னால். உடம்பு முழுக்க அந்த ஒரு இடம்தான் நான் என்று ஆகிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது, வாயில் எச்சில் ஊறி ஊறிச் சேர்ந்தது. "எப்படி இருக்குதும்மா?" என்றாள் இந்து. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். பேசினால் வெளியே வந்துவிடும். காரமா, கண்ணு கலங்குது என்றார் என் வீட்டுக்காரர். ஆமாம் என்று அதற்கும் தலையை ஆட்டினேன். போ, போ, தாயே, கீழே போ. இத்தனை பேருக்கு நடுவில் என்னை அசிங்கப்படுத்தாதே. கிழவர் தன் கண்ணாடிக் குவளையை உயர்த்திக் காட்டினார். ரொம்ப நேரம் கழித்து, மனசே இல்லாமல் கதவு திறக்கிற வீட்டுக்காரி மாதிரி, அது கொஞ்சம் விட்டுக் கொடுத்தது.

என் அக்கா அருக்காணிக்கும் இந்த இடம்தான். கை வைத்துக் காட்டினாள், இங்க, இங்கதான் சம்பூர்ணம், ஒரு கல்லாட்ட நிக்குது. முதலில் சோறு போகவில்லை. அப்புறம் இட்லி போகவில்லை. அப்புறம் கஞ்சி. கேஸ் டிரபிள் என்று மாமா இஞ்சி வாங்கிக் கொடுத்தார், சோடா வாங்கிக் கொடுத்தார். அவளும் யாரிடமும் சொல்லாமல் கஞ்சி வரைக்கும் ஓட்டினாள். கோயமுத்தூர் கூட்டிப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? கடைசியில் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தேன், எனக்கு அப்போது தொண்டை இருந்தது, மடமடவென்று தின்றேன், அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வாய் குடு, முழுங்க மாட்டேன், மென்னுட்டுத் துப்பிக்கறேன் என்றாள். கொடுத்தேன். கண்ணை மூடி மென்றாள். கிண்ணத்தைப் பிடித்தேன், துப்பினாள், நல்லா இருக்குது என்றாள். அந்த முகம் இப்போது எங்கிருந்து வருகிறது, இந்த ஓட்டலுக்குள், இந்த வெங்காய வாசனைக்குள். நான் இப்போது இட்லியில் நிற்கிறேன். கணக்குத் தெரிந்தவளுக்குப் பயம் இரட்டிப்பு. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், அதற்கு அடுத்ததும் தெரியும். வேறு ஏதாவதாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம், உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம் என்று ஒரு பக்கம் மனது பேரம் பேசும், அந்தப் பக்கம் அக்கா கிண்ணத்தோடு நிற்பாள்.

சொல்லிவிடலாம்தான். இப்போதே, இந்த மேசையிலேயே, ஏனுங், எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங் என்று சொன்னால் முடிந்தது. அப்புறம்? அவர் இன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லுவார். தெரியாத ஊர், புரியாத பாஷை, நம்ம டாக்டர்கிட்டப் போயிரலாம் என்பார். இந்து அழுவாள். அழக்கூடாது, அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனபோது இந்தப் பெண் இந்த ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்தாள். மாப்பிள்ளை வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அவள் அழவில்லை. யாருமே இல்லம்மா என்று மட்டும் சொன்னாள், சின்னக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்கிற மாதிரி. நான் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த தடவை என் உசிரே போனாலும் உன் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன். உசிர் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டது போலிருக்கிறது. அதனால் குழந்தை பிறக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். பிறந்ததும் குளிக்க வைத்து, தொட்டிலில் போட்டு, இந்து ஒரு வாய் தெம்பாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இந்தச் சட்டியைத் தாண்ட வேண்டும்.

கையால் சாப்பிட்டுப் பழகியவளுக்கு இது பெரிய வித்தையா? அடுத்த சிப்பியை எடுத்தேன். சதையைப் பிடுங்கி விரலுக்குள் மடக்கினேன், வாய்க்குக் கொண்டுபோய் உதட்டைத் தொட்டேன், மென்றேன், வெறும் வாயை மென்றேன், கையைக் கீழே இறக்கும்போது சதையை ஓட்டுக்குள் திரும்ப வைத்து அமுக்கி மூடினேன். மூடினால் மறுபடி வாயைத் திறந்தது. இறுக்கி அமுக்கி, மூடியில் வாய் கீழே பார்க்கக் குத்தி வைத்து, அதன்மேல் இன்னொன்றைச் சாய்த்து, நெருக்கி அடுக்கினேன். எங்கள் களத்தில் தேங்காய் மட்டை அடுக்குகிற மாதிரி ஒழுங்காக, ஒன்றும் சரியாமல். எடுத்தேன், மடக்கினேன், மென்றேன், மூடினேன். என் குவியல் கிழவருடையதைவிட அழகாக இருந்தது. அவருடையது வாயைப் பிளந்துகொண்டு கன்னாபின்னாவென்று கிடந்தது, என்னுடையது மூடின கதவுகள் மாதிரி வரிசையாக நின்றது. சிப்பியோடு வந்த உருளைக்கிழங்கு வறுவலை இந்துவின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன், புள்ளத்தாச்சி தின்னட்டும். என் வீட்டுக்காரர் தன் தட்டை வழித்து முடித்தார். முடித்த மறுநிமிடம் பனைமரம் பெரிய சட்டியோடு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொரு கரண்டி கோழிக்குழம்பை ஊற்றிவிட்டுப் போனார். "அட, நம்ம ஊருப் பந்தியாட்ட இருக்குதே" என்று அவருக்கு ஒரே குஷி. இந்தக் குழம்புக்கு ரெண்டாவது தடவை ஊத்தறது இங்க வழக்கம்ப்பா என்றாள் இந்து. நல்லவேளை, நான் அந்தக் குழம்பைக் கேட்கவில்லை. நானாகவே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன், அந்த மெச்சலோடு கூடவே ஒரு அழுகை வந்தது. எதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள், தேங்காய் விலை, தொட்டில், மாப்பிள்ளையின் வேலை, நான் வெறும் வாயை மெல்லுகிறேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்கிறேன். ஆனாலும் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வருகிறது. முப்பத்துச் சொச்சம் வருஷம் ஒரு வீட்டில் இருந்தவர், என் தாடை மெல்லுவது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டாமா? பாருங்களேன், ஒரு தடவை சரியாகப் பாருங்களேன். வேண்டாம், பார்க்காதீர்கள். சட்டி காலியாகிக்கொண்டு வந்தது.

பனைமரம் மறுபடி வந்தார், என் மூடியை எடுத்துக்கொண்டு போக. கையை நீட்டினவர் அப்படியே நின்றார். குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. இந்துவிடம் ஏதோ வேகமாகக் கேட்டார், சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பக்கத்துக் கிழவரும் எட்டிப் பார்த்து, தாடையைத் தடவிக்கொண்டு தலையை ஆட்டினார். "என்ன சாமி சொல்றாரு?" என்றேன். என் குரல் எனக்கே எங்கோ கேட்டது. "அம்மா, வேகறப்ப வாய் தொறக்காத சிப்பி கெட்டுப்போனதாம். அதை யாரும் திங்கக் கூடாதாம். உன்ற மூடியில இருக்கறது பூராவும் மூடியே இருக்குது. இத்தன கெட்ட சிப்பி ஒரு சட்டியில வந்துருக்குதேன்னு அவருக்குப் பதறுது. இருவது வருசத்துல இப்படி ஆனதில்லையாம். நீ எதையாச்சும் தின்னுட்டியா, வயிறு ஏதாச்சும் பண்ணுதான்னு கேக்கறாரு." திறந்திருந்தால் நல்ல சிப்பி, மூடியிருந்தால் கெட்ட சிப்பி! கடலையே ராமேஸ்வரத்துக்குப் போனபோதுதான் பார்த்தவள் நான், எனக்கு எப்படித் தெரியும்? கன்னாபின்னாவென்று போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஒழுங்காக அடுக்கிக் கெட்டேன். வேண்டாம், எடுத்துட்டுப் போகச் சொல்லு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பனைமரம் துணியால் ஒரு சிப்பியை எடுத்தார், கட்டைவிரலை வைத்துப் பிளந்தார். உள்ளே மஞ்சளாக, முழுசாக, சதை இருந்தது. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும். அவர் நெற்றி சுருங்கியது. சிப்பியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். திறந்தார், சதையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார். அடுத்ததை எடுத்தார். களத்தில் கொப்பரை சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பாரே, அந்த முகம். அவர் அவசரப்படவில்லை. ஒன்றைக்கூட விடவில்லை. காகிதம் சாற்றில் ஊறிக்கொண்டு வந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது, அந்த இரைச்சல் எல்லாம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. "அம்மா?" என்றாள் இந்து. அந்த ஒரு வார்த்தையில் அவள் குரல் நடுங்கியதைக் கேட்டதும், எனக்கு வாயில் தயாராகப் பொய் வந்து நின்றது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற வேலைக்காரி மாதிரி. "கவுச்சி அடிக்குது சாமி. வாயில வெக்க முடியலை. நானா கேட்டு வாங்கிட்டு, புடிக்கலைன்னு எப்படிச் சொல்றது? அதான் மறைச்சு வெச்சேன்." அப்புறம் இந்து சிரித்துவிட்டாள். மூச்சை விட்டுச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பரிமாறுகிறவரிடம் சொன்னாள். அவரும் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, பெரிய சத்தத்தோடு சிரித்தார், கிழவர் மேசையைத் தட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்துவிட்டேன். நம்ப முடியவில்லை, தப்பித்தேவிட்டேன்.

ஆனால் பனைமரம் போன வேகத்தில் திரும்பி வந்தார். குழிந்த தட்டு, அதில் கோழிக்குழம்பு, இளமஞ்சளாக, பாலாடை மிதக்க, கோழியையும் கிழங்கையும் மசித்துப் போட்டு. இது அவருடைய உபயமாம், பசியோடு யாரும் இந்த ஓட்டலிலிருந்து போனதில்லையாம். கரண்டியை என் கையிலேயே கொடுத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். இந்து முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். "திங்கும்மா. நல்லா ஏமாத்தற நீ எங்களை. ஆனி மாசத்துல எம் புள்ளைக்கு மொதச் சோறு ஊட்டறப்பவும் இப்படித்தான் வெரலுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவியா? அதுக்கு நீதான் வரணும், சொல்லிட்டேன். நீ ஊட்டுனாத்தான் அது தின்னும்." அவள் கண்ணில் இன்னும் சிரித்த நீர் இருந்தது. ஆனி. கரண்டியைத் தூக்கினேன். ஆனி மாதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. மார்கழி வரைக்கும் ஓட்டுவதற்குத்தான் நான் திட்டம் போட்டிருந்தேன், குழந்தை அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும். அதற்கப்பால் ஒரு மாதம் இருக்கிறது, அதில் நான் இருக்க வேண்டும் என்று யாரோ இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒளித்துக்கொண்டே போனால் தை வரும், மாசி வரும், ஆனி எனக்கு வராது. அக்காவுக்கு வரவில்லை. குழம்பை வாயில் விட்டேன். வெண்ணெயாக இருந்தது. முழுங்கினேன். போ, தாயே. தொண்டை தாண்டியது. நெஞ்சுக்குள் இறங்கியது. நின்றது. எச்சில் ஊறியது. கண் முட்டியது. எதிரே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிருச்சா புள்ள?" என்றார் அவர், மெதுவாக.

"இல்லீங்" என்றேன். "எறங்கலை."